பதனீர் நேரமும் கோயில் மணியும்
(இடையன்குடியில் ஒரு மூத்த தம்பதியின் வாரம் பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



மேசைமேல் ஒரு தலையணை இருப்பதைப் பார்த்து முன்வரிசையில் சிலர் வியப்போடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். இது தூங்குகிற தலையணை இல்லை. தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும், அவ்வளவு இறுக்கமாக அடைத்தது. லேஸ் பின்னுகிற தலையணை. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக இருக்கிறது. மேலுறை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது, உள்ளே இருப்பது பழையதுதான். இதைக் கடைசியாக மடியில் வைத்துப் பின்னியவர் என் பாட்டி. இன்றைய பேச்சு இந்தத் தலையணையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு "கால்டுவெல் வாழ்வும் பணியும்". அதில் ஒரு சிறிய மாற்றம் செய்துகொள்ள அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். கால்டுவெல் வாழ்வு என்று நாம் சொல்வது இரண்டு பேருடைய வாழ்வு. 1844இல் திருமணம், 1891இல் கணவர் மறைவு. இடையில் நாற்பத்தேழு ஆண்டுகள். மிஷனரியாக வந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல், அவர் மனைவி எலைசா கால்டுவெல் என்ற அந்த இருவருடைய சாதாரண வாரம் ஒன்று எப்படிப் போயிருக்கும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். ஒப்பிலக்கணம் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் ஓய்வுபெற்ற பிறகு கணவன் மனைவியாக வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, சொந்தச் செலவில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று ஏதோ ஒரு நாட்டில் தங்கி உழைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சபைகளில் இது நல்ல வழக்கமாகவே இருக்கிறது. துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு எழுத என்று வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்கிக்கொள்கிற சபையும் உண்டு. இடையன்குடித் தம்பதிக்கு அந்த ஒரு நாள் கிடையாது. இளமையில் தொடங்கியவர்கள் அங்கேயே மூத்தார்கள். அவர்களுக்கு ஊருக்குத் திரும்புவது என்ற ஒன்று இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். அந்த அம்மாளுக்கு எது ஊர்?

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலைசாவின் தகப்பனார் சார்லஸ் மால்ட், தாயார் மார்த்தா மால்ட். லண்டன் மிஷனைச் சேர்ந்த அவர்கள் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே உழைத்தார்கள். எலைசா 1822இல் பிறந்தவர். மிஷன் பங்களா முற்றத்தில் அவர் காதில் விழுந்தது நாஞ்சில் நாட்டுத் தமிழ். ஆயா பேசியது, தண்ணீர் கொண்டுவந்தவர் பேசியது, அம்மாவின் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் சண்டைபோட்டுக்கொண்டது எல்லாம் அந்தத் தமிழில்தான். ராபர்ட் கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. கிளாஸ்கோவில் படித்துவிட்டு 1838இல் இருபத்துமூன்று வயதில் சென்னையில் கரையிறங்கி, முன்ஷி வைத்து, புத்தகம் வைத்து, எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தார். எலைசாவோ இந்த மொழியை மடியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு சொல்லுக்கு ஐயம் வந்தால் யார் யாரைக் கேட்டிருப்பார்கள்? கேட்டதற்குச் சாட்சி காட்டச் சொன்னால் என்னிடம் இல்லை. இது என் ஊகம். ஆனால் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ஏட்டுத் தமிழோடு பேச்சுத் தமிழின் வடிவங்களையும் அவர் அவ்வளவு அக்கறையாக எடுத்துப் பேசுகிறாரே, அந்தக் காது ஒரு முன்ஷியிடம் மட்டும் பழகியதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி வாரத்துக்கு வருகிறேன்.

இடையன்குடி உங்களில் பலருக்குத் தெரியும். திசையன்விளைக்கும் உவரிக்கும் பக்கத்தில், தேரி என்கிற செம்மணல் மேடும் பனையுமான பூமி. 1841இன் கடைசியில் கால்டுவெல் அங்கே வந்தபோது ஒழுங்கான தெரு கிடையாது. நிலம் வாங்கி, நேர்த்தெரு போட்டு, கிணறு வெட்டி, மரம் வைத்தார். இன்றைக்கும் அந்த ஊரின் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக இருப்பதைப் போய்ப் பார்க்கலாம். காற்றுக் காலத்தில் தேரி மணல் பறக்கிற ஊரில் மரம் வைப்பது அழகுக்காகச் செய்த வேலை இல்லை. மணலை நிறுத்த வேறு வழி கிடையாது.

அந்த ஊரில் பொழுதை நிர்ணயித்தது கடிகாரமா? இல்லை, பனைதான். இதைப் புரிந்துகொள்ளாமல் அங்கே ஒரு நாளும் ஊழியம் செய்திருக்க முடியாது. மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி, ஆவணி வரைக்கும் ஆண்கள் விடியுமுன் மரத்தடியில் இருக்க வேண்டும். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். முப்பது நாற்பது மரம் காலையில் ஏறி இறங்கி, அதே மரங்களில் மாலையில் திரும்ப ஏற வேண்டும். பதனீர் காத்திருக்காது. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து இறக்கினால் உடனே பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குக் கொண்டுவந்து காய்ச்சியாக வேண்டும். விடிலியில் அடுப்புக்கு முன்னால் பெண்கள். பதனீர் கொதித்துப் பாகாகிக் கெட்டிப்படுகிறவரை துடுப்பை விடாமல் கிண்ட வேண்டும், பிறகு சிரட்டையில் ஊற்ற வேண்டும். கண்ணெல்லாம் புகை, கையெல்லாம் கரி. இது ஞாயிறு திங்கள் பார்க்கிற வேலை இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்தவக் கோயிலின் மணியை எப்போது அடிப்பது? மணி சரியாகத்தான் அடித்திருக்கும். ஆள் இருக்க வேண்டுமே! திருநெல்வேலி மிஷன் ஊர்களில் காலையிலும் மாலையிலும் மணியடித்து ஜெபம் நடத்துகிற வழக்கம் அந்தக் காலத்திலேயே வேரூன்றியது. ஆனால் பனங்காட்டு ஊர்களில் அந்த நேரம் பனையேற்றத்துக்கு வழிவிட்டுத்தான் நடக்க முடியும். வெளியூரிலிருந்து வருகிற ஒருவர் ஊரைத் தன் நேரத்துக்கு இழுப்பாரா, தன்னை ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்வாரா என்பது பெரிய சோதனை. அதில் தேறியவர்களைத்தான் ஊர் தன் ஆட்களாக வைத்துக்கொண்டது.

கால்டுவெல் ஐயாவுடைய வாரம் பெரும்பாலும் வெளியே. சேகரத்தில் ஊர் ஊராகச் சிறு சபைகள், ஒவ்வொன்றிலும் ஓர் உபதேசியார், ஒரு சின்னப் பள்ளிக்கூடம். மாட்டுவண்டியிலும் குதிரையிலும் அவற்றைச் சுற்றிவர வேண்டும். குறித்த நாளில் உபதேசிமார் எல்லோரும் வந்து கூடுவார்கள். அவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். ஊர்ச் சண்டை பங்களா வாசலுக்கு வரும், கல்யாணப் பேச்சு வரும், வரப்புத் தகராறு வரும். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருவார்கள். இங்கிலாந்திலிருக்கும் சங்கத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எழுத வேண்டும். 1853இல் நற்கருணைத் தியான மாலை, 1856இல் ஒப்பிலக்கணம், 1871இல் தாமரைத் தடாகம், நடுவில் பல ஆண்டுகள் ஹென்றி பவர் தலைமையில் நடந்த தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் உட்கார்ந்து வசனம் வசனமாகப் பார்த்தது என்று இத்தனையும் இந்த வாரங்களின் இடுக்கில் செய்த வேலைகள். ஒப்பிலக்கணம் அவர் உடல்நலம் குன்றி 1854இல் சீமைக்குப் போயிருந்த நாட்களில் அச்சுக்கு முதிர்ந்தது. அதற்கு வேண்டிய குறிப்புகளோ இங்கே தேரி மணலில் சேர்ந்தவை.

எலைசா அம்மாளுடைய வாரத்தில் பயணம் குறைவு, ஆனால் ஓய்வு அதைவிடக் குறைவு. திருமணமாகி வந்த 1844ஆம் ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று பனையேறுகிற வீட்டில் போய்க் கேட்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளை அந்த வீட்டில் ஓர் ஆள். விடிலிக்குச் சுள்ளி பொறுக்குவாள், தம்பியைத் தூக்கிவைத்திருப்பாள், தண்ணீர் எடுப்பாள். அவளைக் கொடுத்தால் வீட்டில் ஓர் ஆள் குறையும். படிப்பு நல்லது என்று சொல்லி இந்தக் கணக்கை வெல்ல முடியாது. அம்மாள் அந்த வீடுகளுக்குத் தன் அம்மாவிடம் கற்ற ஒன்றைக் கொண்டுவந்தார்.

அதுதான் இந்தத் தலையணை.

மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் 1820களின் தொடக்கத்திலேயே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தவர். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை சட்டப்படி இருந்தது, 1855 வரைக்கும் இருந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்ட நாட்களில் பெண்கள் போட்டுக்கொண்ட குப்பாயமும் அந்த மிஷன் வீட்டுப் பெண்களின் ஊசியிலிருந்து வந்ததுதான். ஆக, எலைசா இடையன்குடிக்கு வந்தபோது கையில் நூலோடு வந்தார், அந்த நூல் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்துவிட்டும் வந்தார்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தலையணைமேல் துளையிட்ட ஒரு தடித்த தாளைக் குத்திவைப்பார்கள். அதில்தான் கோலம் இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி. நூலெல்லாம் இந்தச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றியிருக்கும், எப்போதும் இரட்டை இரட்டையாக. எவ்வளவு பெரிய வேலைப்பாடாக இருந்தாலும் செய்வது இரண்டே அசைவு: ஒன்றை ஒன்றுக்கு மேலே குறுக்காக எடுப்பது, ஒன்றை ஒன்றோடு முறுக்குவது. குறுக்கு, முறுக்கு. ஊசியை நட்டு அடுத்த துளைக்குப் போவது. கட்டைகள் ஒன்றில் ஒன்று மோதும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பாட்டி பின்னும்போது பேசமாட்டார், ஆனால் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு விரலகலம் முன்னேற ஒரு பகல் ஆகும்.

பாட்டி தலையணையைத் தொடுமுன் ஒரு காரியம் செய்வார். கிணற்றடிக்குப் போய் சீயக்காய் போட்டு முழங்கைவரை கழுவுவார். நகக்கண்ணைத் தென்னங்குச்சியால் சுரண்டுவார். பிறகு தனியாக வைத்திருக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துக்கொள்வார். நூல் பால்வெள்ளை. ஒரு கரிப்பொட்டு பட்டால் ஒரு வாரத்து வேலை போய்விடும். தன் அம்மா இப்படித்தான் செய்தார்கள், அவர்களுக்கு அவர்களுடைய அம்மா சொல்லிக்கொடுத்தது என்பார். அந்த அம்மாவின் அம்மா விடிலியில் துடுப்புப் பிடித்த பெண். கரி படிந்த கைக்கு வெள்ளை நூலைக் கொடுத்தவர், அதற்கு முன்னால் அந்தக் கையைப் பிடித்துக் கழுவிவிட்டிருக்கவும் வேண்டும் அல்லவா? அந்த வெள்ளைக்கார அம்மாளை என் பாட்டி பார்த்ததில்லை. ஆனால் கை கழுவும் முறை வந்து சேர்ந்துவிட்டது.

லேஸ் விற்ற காசு பெண்ணின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில் வீட்டுக் கணக்கு மாறியது. இதை நான் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரிந்த, தன் சம்பாத்தியத்தை எண்ணத் தெரிந்த பெண்ணை அந்தப் பனங்காடு முதன்முதலாகப் பார்த்தது.

இங்கே ஒரு வேதனையான விஷயத்தையும் சொல்லாமல் போனால் நான் உண்மை பேசியவளாக மாட்டேன். 1849இல் கால்டுவெல் அந்தப் பனையேறும் மக்களைப் பற்றித் "திருநெல்வேலிச் சாணார்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சீமையில் பணம் கொடுப்பவர்கள் படிக்க எழுதியது. அதில் அந்த மக்களின் அறிவைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் எழுதியிருந்தவை இழிவானவை. படித்துத் தலையெடுத்த பிள்ளைகளே அதை வாசித்துக் கொதித்தார்கள். சட்டம்பிள்ளை என்ற அறிஞர் அதைக் கண்டித்தவர்களில் முதன்மையானவர். அவர் 1857இல் மிஷனைவிட்டுப் பிரிந்து தனிச் சபையே கண்டார். எதிர்ப்பு பல ஆண்டுகள் ஓயவில்லை. பின்னாளில் கால்டுவெல் அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். என் முன்னோர்களைப் பற்றி எழுதிய வரிகள் அவை. வாசித்தபோது எனக்கும் வலித்தது. அந்த நூல் வந்த அதே ஆண்டில் அதே வளாகத்தில் அந்த மக்களின் பெண்பிள்ளைகள் அவர் மனைவியிடம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கூரைக்கடியில் இரண்டும் நடந்தன. மிஷனரி வீடுகளை ஆராதிப்பவர்களும் வெறுப்பவர்களும் ஆளுக்கொரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும், இரண்டும் என் வீட்டுக் கதை.

ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் கோயில் கட்ட 1847இல் தொடங்கினார்கள். முடிந்து பிரதிஷ்டை ஆனது 1880இல். முப்பத்துமூன்று ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும்வரை அந்தக் கோயில் கட்டி முடியாத கோயில். ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தம்பதி கண்ணில் பட்டது பாதிச் சுவர்தான். காசு வரும்போது வேலை நடக்கும், நின்றால் நிற்கும். திருநெல்வேலிச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பஞ்சத்திலும் அந்தக் கலயத்தைக் கவிழ்க்காத வீடுகள் இருந்தன.

பிரதிஷ்டை நடந்தபோது கால்டுவெல்லுக்கு அறுபத்தாறு வயது, அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு. இந்த வயதையொட்டித்தான் வேலை இரட்டித்தது. 1877இல் அவர் பிஷப் ஆனார். அந்த ஆண்டுகள் தாது வருஷப் பஞ்ச ஆண்டுகள். கஞ்சித் தொட்டி, அநாதைப் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் சபையில் சேர வந்த மக்கள், அவர்களுக்கு ஆசிரியர் இல்லாத தட்டுப்பாடு. அதற்கு நடுவில் பழந்துறைமுகமான கொற்கையில் போய் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். 1881இல் திருநெல்வேலி வரலாற்றை வெளியிட்டார். 1883இல் இருவரும் இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்கள், கல்லூரி வேலைக்காக. அவருக்கு அறுபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. நம் வீடுகளில் அந்த வயதில் திண்ணையை விட்டு எழுந்தாலே "எங்கே போகிறீர்கள்" என்று கேட்கிறோம்.

அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். மிஷன் குடும்பங்களில் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே படிப்புக்காகச் சீமைக்குக் கப்பலேற்றிவிடுவது வழக்கம். கடிதம் போய்ச் சேர மாதங்கள் ஆகும். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்ட தாய்மார் தங்கள் பிள்ளையின் பால்பல் விழுந்ததைக் கடிதத்தில் படித்தார்கள். அந்தத் துக்கத்தை எந்த அறிக்கையிலும் எழுதமாட்டார்கள். நாம்தான் வரிக்கு இடையில் வாசித்துக்கொள்ள வேண்டும்.

1891 தொடக்கத்தில் கால்டுவெல் பிஷப் பதவியை விட்டார். ஓய்வு என்றால் சீமைக்குக் கப்பலேறவில்லை, கொடைக்கானல் மலைக்குத்தான் போனார்கள். அந்த ஆகஸ்ட் 28ஆம் தேதி அங்கே காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, வெயிலில், வண்டியில், அத்தனை தூரம் இடையன்குடிக்குக் கொண்டுவந்து, முப்பத்துமூன்று ஆண்டு கட்டிய கோயிலில் பீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள். அம்மாள் அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் இருந்தார். 1899இல் மறைந்தார். அவரும் அதே கோயிலில் கணவர் பக்கத்தில் இருக்கிறார்.

கால்டுவெல்லுடைய நினைவுக் குறிப்புகளை மருமகன் ஒய்யாட் 1894இல் தொகுத்து வெளியிட்டார். அவருக்கு 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை வந்தது, 2010இல் தபால் தலை வந்தது. எல்லாம் வர வேண்டியவைதான், எனக்கு மகிழ்ச்சி. அம்மாள் தன் கையால் எழுதிய நினைவுகள் என்று ஒரு புத்தகம் என் கையில் இருந்திருந்தால் இன்றைய பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் எழுதியது இந்த மாதிரித் தாளில், துளையாக. மாணவிகள் யாராவது இதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டால், இடையன்குடி, நாசரேத், நாகர்கோவில் வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய கோலத் தாள்களிலிருந்து தொடங்குங்கள். கரையான் அரிக்குமுன் போங்கள். வீட்டில் மூத்த அம்மா யாராவது இருந்தால் முதலில் உட்கார்ந்து அவர்களுடைய கையைப் பாருங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்.

தலையணையில் பாட்டி பாதியில் விட்ட பின்னல் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு இரட்டை, ஊசி நட்டபடி. நான் அதை எடுக்கவில்லை, எடுக்க மனம் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். தொட்டும் பார்க்கலாம். பக்கத்தில் சொம்பில் தண்ணீரும் வெள்ளைத் துணியும் வைத்திருக்கிறேன், கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.